தோசைக்கல் என்று பெயர் வைத்த இடம்

பொம்மனஹள்ளியில் புதிதாக வீடு கட்டிய என் பழைய மாணவி ஒருத்தி, கிரகப்பிரவேசத்துக்கு வராமல் தப்பித்த என்னை விடாமல், மறுவாரம் ஆட்டோ அனுப்பிக் கூட்டிப் போனாள். படிக்கிற காலத்தில் செய்யுள் ஒப்பிக்கிற நாளில் மட்டும் தவறாமல் வயிற்றுவலி வரும் பெண் அவள். இப்போது அவளுக்கே காலேஜில் படிக்கிற மகன் இருக்கிறான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து நேரே சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடுப்பு மேடை முழுவதும் பளபளவென்று கறுப்புக் கல்.

“டீச்சர், தொட்டுப் பாருங்க. எங்கயாவது ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்!”

தொட்டேன். மற்றவர்கள் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார்கள். நான் உள்ளங்கையை முழுசாகப் பரப்பி, அழுத்தி, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அப்படியே வைத்திருந்தேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. கல்லுக்குக் காய்ச்சலா என்று டீச்சர் பார்க்கிறார்களோ என்று அவள் மகன் சிரித்தான்.

“எப்படி இருக்கு டீச்சர்?”

“சில்லுன்னு இருக்கு” என்றேன்.

அவளுக்கு ஏக சந்தோஷம். வெயில் நாளிலும் இப்படித்தான் இருக்குமாம், அதற்காகவே கடை கடையாக ஏறி இறங்கி இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தாளாம். நான் தலையாட்டினேன். இதே வார்த்தையை இன்னொரு புது வீட்டில் என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும் எனக்கு, முப்பது வருஷம் பாடம் எடுத்தவளின் வாய் அப்படி. நீங்களும் கொஞ்சம் சாவகாசமாக உட்காருங்கள்.

குடியாத்தத்திலிருந்து நாங்கள் பெங்களூருக்கு வந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்னால். அதுவரை எனக்குத் தெரிந்த கல் என்றால் அம்மி, ஆட்டுக்கல், துவைக்கிற கல், கோயில் தூண், அவ்வளவுதான். வீடு என்றால் மண் சுவர், பனங்கை, நாட்டு ஓடு, சாணி மெழுகின தரை. பெங்களூரில் என்னடாவென்றால் எங்கே பார்த்தாலும் கல். வயலுக்கு வேலி போட முள் வெட்டமாட்டார்கள். ஆள் உயரக் கல் பலகைகளைக் கொண்டுவந்து நெருக்கமாக நட்டுவிடுவார்கள். சாக்கடைக்கு மூடி, மாட்டுக்கொட்டகைக்குக் கூரை, கிணற்றடியில் துவைக்க, தெருமுனையில் உட்கார்ந்து வம்பளக்க, எல்லாவற்றுக்கும் அந்தப் பலகைதான். கன்னடத்தில் சப்படி என்பார்கள். நாங்களும் சப்படிக்கல் என்றே சொல்லப் பழகிவிட்டோம். சுண்ணாம்புக் காரை, ஏரி மண்ணில் சுட்ட செங்கல், மங்களூர் ஓடு என்பதெல்லாம் கை கொஞ்சம் தாராளமாக உள்ளவர்களுக்கு. இல்லாதவர்களுக்கும் நாலு சப்படி கிடைத்துவிட்டால் தலைக்கு மேல் ஒரு கூரை ஆகிவிடும்.

வந்த புதிதில் மாமாவைக் கேட்டேன்: “கல்லை எப்படி மாமா இவ்ளோ நீளமா அறுக்கறாங்க?”

“அறுக்கறதா? இந்த ஊர்ல கல்லை அடுப்பு மூட்டி வேக வெச்சு எடுப்பாங்கடி.”

மாமா வாயைத் திறந்தாலே கேலி என்பதால் இதையும் கேலி என்று நினைத்தேன். ஆனால் அது முழுக்க உண்மை. இங்கத்திய பாறை வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். மேல் அடுக்கு சில இடங்களில் அடியை விட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் லேசாகக் கிளம்பியிருக்கும். அந்த இடம் பார்த்து விறகை நீளமாக அடுக்கிக் கொளுத்தி, நெருப்பை ஜாண் ஜாணாகத் தள்ளிக்கொண்டே போவார்கள். சூட்டில் மேல் அடுக்கு விரிந்து எழும்பும். மேஸ்திரி ஒரு கூழாங்கல்லால் தட்டிக்கொண்டே பின்னால் வருவார். ணங்கென்று கேட்ட சத்தம் தொப்பென்று மாறினால் பலகை எழும்பிவிட்டது என்று அர்த்தம். பிறகு உளியால் குழி போட்டு வேண்டிய அளவுக்குப் பிளந்துகொள்வார்கள். கிளம்பாத இடத்தில் நெருப்பு வைத்தால் வண்டி வண்டியாக விறகு சாம்பலானதுதான் மிச்சம். கல் காண்டிராக்ட் எடுக்கிறவர்கள் எல்லாம் பயப்படுவது அதற்குத்தான்.

மாமாவும் அப்படி ஒரு சின்னக் காண்டிராக்டர். அம்மாவின் ஒரே தம்பி. அப்பா காய்ச்சலில் போனபின் எங்களைத் தேடிவந்து பெங்களூருக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். இதை நான் மறைக்கக் கூடாது. மாமா வருகிறார் என்றால் தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். வெறுங்கையோடு வந்ததே இல்லை, கொய்யாப்பழமோ மைசூர்பாகோ ஏதாவது ஒரு பொட்டலம் இருக்கும். கன்டோன்மென்ட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் டீச்சர் வேலை கிடைத்தபோது, துரைசானிகள் பிடிக்கிற மாதிரி வளைந்த கைப்பிடி போட்ட குடை ஒன்று வாங்கிக் கொடுத்தார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். பிடிக்காத ஒருவர் செய்திருந்தால் இதை இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

அவர் எங்களுக்குப் பார்த்துக் கொடுத்த வீடு, ஏரிக்கு அப்பால், கன்டோன்மென்ட் முடிகிற இடத்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. பின்கதவைத் திறந்தால் பாறை. இரண்டு கல்யாணத்துக்குப் பந்தல் போடலாம், அவ்வளவு பெரிய பாறை. யானை படுத்திருக்கிற மாதிரி என்று எழுதினால் என் மாணவிகளுக்கு நான் மார்க் குறைப்பேன், ஆனால் அப்படித்தான் இருந்தது. “அக்கா, இந்த ஊர்லயே பெரிய முற்றம் உனக்குத்தான்” என்றார் மாமா. அது சர்க்கார் பாறை. மேற்குப் பக்கம் தோளில் கருகின தழும்பு ஒன்று உண்டு. எப்போதோ ஒரு காண்டிராக்டர் அங்கே நெருப்பு வைத்துப் பார்த்து, கை நிறையச் சில்லுதான் கிடைத்ததாம். அதற்குப் பிறகு அதைக் குண்டுப் பாறை, பலகை எழும்பாது என்று எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். அதனால்தான் அது பாறையாகவே இருந்தது.

அம்மா அந்தப் பாறையைப் பார்த்த மாத்திரத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். இறங்கி வந்ததும் சொன்னாள்: “வடகம் போடலாம்.”

எங்கள் பக்கத்துத் தாளிப்பு வடகம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து வெயிலில் பரப்பவேண்டும். சாயங்காலம் வாரி உருண்டை பிடித்து வைத்து, மறுநாள் உதிர்த்து மறுபடி பரப்பவேண்டும். நாள் கணக்கில் இப்படி ஆனபிறகு விளக்கெண்ணெய் விட்டு உருட்டி எடுத்தால் வருஷம் முழுக்க வரும். நடுவில் ஒரு நாள் வெயில் ஏமாற்றினாலும் வெங்காயம் புளித்து, பூஞ்சணம் பூத்து எல்லாம் போச்சு. பெங்களூரில் மத்தியானம் காய்கிற காய்ச்சலுக்குச் சாயங்காலம் ஒரு தூறல் போட்டுவிட்டுப் போகும். மண் தரையில், ஓட்டின்மேல் வடகம் போடுகிறவர்களுக்கு இந்த ஊர் லாயக்கில்லை. பாறை இருந்தால் லாயக்கு உண்டு. ஏறிய சூடு தூறலுக்குப் பிறகும் அதில் இருக்கும்.

மாசி பிறந்தால் வைகாசி முடிய எங்கள் வீட்டில் வேறு வேலை கிடையாது. கன்டோன்மென்ட்டில் ஆற்காடு, வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய இருந்தன. முதல் வருஷம் நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். அப்புறம் மல்லேஸ்வரத்திலிருந்து கூட ஆள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி சோறும் வேண்டாம், மகள் சோறும் வேண்டாம், என் கையால் உழைத்து என் அடுப்பு எரியும் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். அதைச் சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நிமிரும். அப்பா போனபின் குனிந்திருந்த கழுத்து அது.

என் பங்கு காக்காய் விரட்டுவது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மாமா கொடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து காம்போசிஷன் நோட்டுகளைத் திருத்துவேன். ‘பசு ஒரு சாதுவான மிருகம்’ என்று முப்பது பேர் எழுதியதைப் படிக்கிற நேரத்தில் காக்காய் வந்து கொத்திக்கொண்டு போகும். திருத்திய நோட்டுகளில் பூண்டு வாசனை அடிக்கிறதென்று தலைமையாசிரியை அம்மாள் ஒருநாள் கூப்பிட்டு விசாரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த அம்மாளே அடுத்த மாதம் இரண்டு படி வடகம் வேண்டுமென்று சொல்லி அனுப்பினார்.

பாறை முழுக்க ஒரே மாதிரி காயாது. அம்மா செருப்பில்லாத காலாலும் உள்ளங்கையாலும் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். காலையில் முறத்தை எடுத்துக்கொண்டு ஏறுவதற்குமுன் குனிந்து அங்கங்கே உள்ளங்கையைப் பதித்துப் பார்ப்பாள். என்னையும் பதிக்கச் சொல்வாள். “விரல்ல தொட்டா கல்லு பொய் சொல்லும். கைய முழுசா வை.” கிழக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இடம், வெயில் ஏறினதும் ஏறாததுமாகச் சுட ஆரம்பித்துவிடும். பனி முதலில் காய்வதும் அங்கேதான். அதற்குத் தோசைக்கல் என்று பெயர் வைத்தாள். முதல் நாள் ஈரத்தோடு இருக்கிற வடகம் எல்லாம் தோசைக்கல்லுக்கு. அது காயும் வேகத்தில்தான் அவள் வடகம் புளிக்காமல் தப்பித்தது. மற்ற இடங்களில் பாறை மெதுவாகச் சுட்டு மெதுவாக ஆறும், அங்கே முற்றிய வடகத்தைப் போடுவாள். தோசைக்கல் மட்டும் ஏன் அப்படி என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாமி எங்களுக்கென்று தனியாகப் போட்டுக் கொடுத்த அடுப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

அம்மாவுக்கு இன்னொரு குணம். யார் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். எத்தனை வெங்காயத்துக்கு எத்தனை பூண்டு, எண்ணெய் எந்த நாளில் விடுவது, எந்தக் கடையில் கடுகு சுத்தம், எல்லாம். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொல்வாள். சொன்னால் நாளைக்கு அவர்களே போட்டுக்கொள்வார்களே அம்மா என்று நான் தடுத்தால், “போட்டுக்கட்டுமே, வெயில் என்ன என் அப்பன் வீட்டுதா?” என்பாள்.

ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். காபித் தம்ளரோடு பாறைமேல் ஏறி உட்கார்ந்தவர், உட்கார்ந்த வேகத்தில் எழுந்து துள்ளினார்.

“இன்னாக்கா இது, பாறையா அடுப்பா? இந்நேரத்துக்கே வேட்டி பத்திக்கும் போல இருக்கே!”

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நீ ஒக்காந்தது தோசைக்கல்லு மேலடா. இப்படி நாலடி தள்ளி வா. இங்க சுடாது பாரு.”

மாமா நாலடி தள்ளி உட்கார்ந்தார். கையால் அங்கே தொட்டார், இங்கே தொட்டார். பிறகு காபி குடித்து முடிக்கிறவரை ஒன்றும் பேசவில்லை. மாமா பேசாமல் இருந்து நான் பார்த்ததே அன்றுதான். காபி சூடு அதிகமோ என்று நினைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் வந்தார். மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். எங்கள் மழைக் கஷ்டத்தைப் பற்றி அவராகவே ஆரம்பித்தார்.

“அக்கா, மேலேர்ந்து மழைத்தண்ணி ஓடியாந்து வடகத்த நனைக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தியே. அந்தத் தோசைக்கல்லச் சுத்தி ஒரு சின்னக் கரை கட்டிக் குடுத்துடறேன். தண்ணி உள்ள வராது.”

“நெசமாவாடா?”

“ஆளு நம்ம ஆளு, சுண்ணாம்பு நம்ம சுண்ணாம்பு. எது வரைக்கும்னு மட்டும் காட்டு.”

அம்மா என்னைக் கோலப்பொடி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னாள். நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். வெறுங்காலோடு அந்த இடத்தின் ஓரமாக மெதுவாக நடந்தாள். ஒரு காலை உள்ளே வைப்பாள், ஒரு காலை வெளியே வைப்பாள், சுடுகிறது முடிகிற இடம் பார்த்துக் குனிந்து கோலப்பொடியை இழுப்பாள். நடுவில் சந்தேகம் வந்தால் உள்ளங்கையைப் பதிப்பாள். மார்கழியில் வாசலில் கோலம் போட்டபோதுகூட அவள் இவ்வளவு கவனமாக இழை இழுத்து நான் பார்த்ததில்லை. பெரிய வளையம் ஒன்று பாறைமேல் வெள்ளையாக நின்றது. மாமா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா” என்றார். அன்று சாயங்காலமே அம்மா தெருவில் எல்லோரிடமும் தம்பி கரை கட்டித் தரப்போகிறான் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில் மேஸ்திரி ஒருவரும் நாலைந்து ஆட்களும் பின்பக்கமாக வந்தார்கள். கோலப்பொடி வளையம் அழியாமல் அப்படியே இருந்தது, நடுவில் மழை இல்லை. அன்றைக்குப் பார்த்து வடகம் மூன்றாம் நாள் காய்ச்சலில் இருந்தது. கரை கட்ட ஆள் வந்தாச்சு என்று அம்மா ஒரே பரபரப்பு. அவர்கள் கேட்பதற்கு முன்னால் அவளே வடகத்தையெல்லாம் முறத்தில் வாரி, பாயைச் சுருட்டி, இடத்தைப் பெருக்கிவிட்டாள். வெயிலில் வந்தவர்கள் என்று உள்ளே போய் மோர் கரைத்துக்கொண்டு வந்து ஆளுக்கு ஒரு சொம்பு கொடுத்தாள்.

பின்னாலேயே இரண்டு மாட்டுவண்டி வந்தது. சுண்ணாம்பும் இல்லை, செங்கல்லும் இல்லை. வண்டி நிறைய விறகு.

“இவ்ளோ விறகு எதுக்குப்பா?” என்று அம்மா கேட்டாள். சமைத்துச் சாப்பிடத்தான் என்று நினைத்திருக்கிறாள்.

மேஸ்திரி கன்னடக்காரர், நல்ல மனிதர். “பெங்கி ஹாக்பேக்கல்லம்மா” என்றார், நெருப்பு வைக்கவேண்டுமே என்று. சொல்லிவிட்டுக் கூழாங்கல்லால் கோலப்பொடிக்கு உள்ளே ஒரு தட்டு, வெளியே ஒரு தட்டு தட்டினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆட்கள் அந்த வெள்ளைக் கோட்டை ஒட்டியே விறகை அடுக்கினார்கள்.

அப்போதுதான் எனக்கு மாமா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அடியை விட்டுக் கிளம்பி நிற்கிற மெல்லிய அடுக்குக்குச் சூட்டைக் கீழே இறக்க வழி கிடையாது. அதனால்தான் அது சீக்கிரம் சுட்டது. குண்டுப் பாறை என்று எல்லோரும் கைவிட்ட பாறையில் பலகை எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலத்துக்கு இருக்கிறது என்று அம்மா ஓரம் பிசகாமல் வரைந்து கொடுத்திருக்கிறாள். அம்மாவுக்கும் அது புரிந்துவிட்டது. கையில் காலி மோர்ச்சொம்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மாமா உச்சிப்பொழுதுக்குச் சைக்கிளில் வந்தார். அதற்குள் நெருப்பு பாதி வளையத்தைத் தாண்டியிருந்தது.

“இன்னாடா இது?” என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை.

“சர்க்கார் பாறைக்கா. ஏலத்துல எடுத்துட்டேன். பேட்டை பேட்டையா வீடு எழும்புது, ஊர்ல பலகைக்கு அப்படி ஒரு கிராக்கி. நான் எடுக்கலேன்னா நாளைக்கு எவனோ ஒருத்தன் எடுப்பான்.”

“எவனோ ஒருத்தனுக்கு எடம் எதுன்னு தெரியாதேடா. நான் யாருக்குச் சொன்னேன்? உனக்குத்தானே சொன்னேன்?”

மாமா சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டு நின்றார். “உனக்குன்னு ஒரு நல்ல பலகையா பாத்து அனுப்பறேன்க்கா. அது மேல காய வெச்சுக்க” என்றார் கடைசியில். அம்மா உள்ளே போய்விட்டாள். சிறிது நேரத்தில் வீட்டுக்கு அடியில் யாரோ கனமான கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பரணில் பாத்திரங்கள் ஒரு தடவை கிணுகிணுத்து அடங்கின. பலகை எழும்பிவிட்டதென்று ஆட்கள் கூவினார்கள்.

அந்த மூன்றாம் நாள் வடகம் முறத்திலேயே புளித்தது. அம்மா விடவில்லை. கொல்லையில் பாய் விரித்துப் பார்த்தாள், என்னை ஏணி ஏறச் சொல்லி ஓட்டின்மேல் பரப்பிப் பார்த்தாள். ஒரு தடவை தூறல், ஒரு தடவை பூஞ்சணம். உளிச் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டே இருந்தது, கல் தூசி எல்லாவற்றின்மேலும் படிந்தது. மல்லேஸ்வரத்திலிருந்து வந்த ஆளிடம் இந்த வருஷம் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். மறு வருஷம் அந்த ஆள் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அம்மாவுக்குத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மாமா கொடுத்த குடையை நான் பரணில் போட்டேன். மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போய்ச் சளி பிடித்துக்கொண்டது. யாருக்கு நஷ்டம் என்று கேட்காதீர்கள்.

சொன்னபடியே மாமா ஒரு பலகையை அனுப்பினார். நல்ல பலகைதான், ஓர் ஓட்டை உடைசல் கிடையாது. “எல்லி ஹாக்பேக்கு அம்மா?” எங்கே போடட்டும் என்று வண்டிக்காரன் கேட்டான். கொல்லையில் வெயில் விழுகிற இடத்தைக் காட்டுவாள் என்று நான் நினைத்தேன். அம்மா வேலி ஓரத்தைக் காட்டினாள்.

“அங்க நட்டுடுப்பா.”

“நடறதா? துணி தொவைக்க, ஏதாச்சும் காய வெக்க…”

“நட்டுடு.”

அவன் குழி தோண்டி நிறுத்திவிட்டுப் போனான். நிற்கிற கல்லில் எதைக் காயவைக்க முடியும்? நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்கிறவரை அது அங்கேயே நின்றது.

மிச்சப் பலகைகளில் பாதி மாமாவின் சொந்த வீட்டுக்கே போயிற்று. அந்த ஒரு பாறையில் மாமா பெரிய மனிதராகிவிட்டார். கிரகப்பிரவேசத்துக்கு அக்கா வந்துதான் பால் காய்ச்சவேண்டும் என்று வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டார். போகாதே என்று நான் சண்டை போட்டேன். கூடப் பிறந்தவன், மரியாதைக்குப் போகவேண்டும் என்று அம்மா போனாள், நானும் பின்னாலேயே போனேன். வாசலிலிருந்து சமையல்கட்டுவரை தரை முழுக்க எங்கள் பாறை. கொத்தர்கள் பிளந்த பக்கத்தை மேலே வைத்து, நெருப்புப் பட்ட பக்கத்தை மண்ணைப் பார்க்க வைத்துப் பதித்திருந்தார்கள். அம்மா விளக்கெண்ணெய்க் கையோடு இத்தனை வருஷம் தொட்டுத் தொட்டுப் பழகின பக்கம் அடியில் போய்விட்டது. பால் பொங்கியதும் மாமா எல்லோர் முன்னாலும் பெருமையாகக் கேட்டார்: “எப்படிக்கா இருக்கு தரை?”

அம்மா குனியவில்லை, கையை வைத்துப் பார்க்கவில்லை. “சில்லுன்னு இருக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார்.

பாறை இருந்த இடம் கொஞ்ச வருஷத்தில் பள்ளமாகி, தண்ணீர் தேங்கிக் குட்டையாகி, பிறகு குப்பை கொட்டி மூடி, இப்போது மூன்று மாடி வீடுகள் நிற்கின்றன. ஒரு தடவை அந்த வழியாக பஸ்ஸில் போனபோது எது எங்கே இருந்ததென்றே தெரியவில்லை. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன்கள் வீட்டை இடித்தார்கள். அந்தப் பலகைகளை யார் வாங்கிக்கொண்டு போனார்களோ, எந்தச் சாக்கடைமேல் கிடக்கின்றனவோ. அவை போனதில் எனக்கு ஒன்றும் இல்லை. மாமாவை மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த சமயம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டுச் செலவுக்கு மட்டும் அம்மா மாடிப்படியில் துளி வடகம் போடுவாள். எதிர்வீட்டுப் புதுப்பெண் வந்து அளவு கேட்டால், “ஏதோ கைக்கு வந்தபடி போடறதும்மா” என்பாள். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்ன அம்மா. வயதாகிவிட்டது, அலுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். இந்த விஷயத்திலும் என் புத்திசாலித்தனம் அதே அளவில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் படியில் உட்கார்ந்து வடகம் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுவாக்கில், வேறொன்றுமில்லை, அவள் கையைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்ததால் கேட்டேன்:

“ஏம்மா, எண்ணெய் எந்த நாள்ல விடணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிற?”

அம்மாவின் கை நின்றது. தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். பெற்ற மகளின் முகத்தை, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி, கொஞ்ச நேரம் நிதானமாகப் பார்த்தாள். பிறகு முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டாள்:

“எதுக்குக் கேக்கற?”